வாசகர் கேள்வி-பதில்: கடல்தரையில் கசியும் வாயுவும் அதை நம்பி வாழும் உயிர்களும்

போன இதழில் ஆழ்கடல் தரையில் மீத்தேன் வாயு கசியும் இடங்களைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர்களிலிருந்து வந்தவை. கடலில் தொழில் செய்கிறவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு நாலு வரியில் பதில் சொல்ல முடியாது. அதனால் இந்த முறை பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

எங்கள் படகு வாரக்கணக்கில் வெளிக்கடலில் கிடக்கும். சில இடங்களில் ஆயிரம் மீட்டருக்கும் கீழே தூண்டில் இறக்குகிறோம். அங்கே வெயில் கிடையாது, பாசி கிடையாது. அப்படியானால் அடியில் கிடக்கிற ஜீவன்கள் எதைத் தின்று வாழ்கின்றன?
தூண்டில் படகுத் தொழிலாளி, தூத்தூர்

பெரும்பாலான இடங்களில் மேலேயிருந்து விழுவதைத் தின்றுதான், அண்ணே. சுமார் 200 மீட்டருக்குக் கீழே பாசியோ செடியோ உணவு தயாரிக்கிற அளவுக்கு வெளிச்சம் கிடையாது, ஆயிரத்தைத் தாண்டினால் கும்மிருட்டு. மேல்தண்ணீரில் செத்துப்போன மிதவை உயிர்கள், மீன்களின் கழிவு, எப்போதாவது ஒரு திமிங்கிலத்தின் உடல், இதெல்லாம் மெதுவாகக் கீழே இறங்கும். இறங்குகிற வழியிலேயே தின்பதற்கு ஆள் இருப்பதால் தரைக்குப் போய்ச் சேருவது ரொம்பக் கொஞ்சம். ஆழ்கடல் தரையில் பெரும்பாலான இடங்களில் உயிர்கள் சிதறலாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

ஆனால் சில இடங்களில் சாப்பாடு கீழேயிருந்து வருகிறது. ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய சேறும் செத்த உயிர்களின் மிச்சமும் லட்சக்கணக்கான ஆண்டுகளாக ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கின்றன. காற்று புகாத அந்தச் சேற்றில் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. இன்னும் ஆழத்தில் பூமியின் சூடே அந்த வேலையைச் செய்கிறது. இப்படிச் சேர்ந்த வாயு அழுத்தம் தாங்காமல் விரிசல்கள் வழியாக ஏறி வந்து கடல்தரையில் கசிகிறது. கசிகிற நீர் சுற்றியிருக்கிற கடல்தண்ணீரின் அதே குளிரில்தான் இருக்கும், எரிமலைப் பகுதிகளின் வெந்நீர் ஊற்றுபோலக் கொதிக்காது. அந்த வாயுவையும் அதை வைத்து நுண்ணுயிர்கள் உண்டாக்குகிற ஹைட்ரஜன் சல்ஃபைடையும் எரிபொருளாக வைத்து பாக்டீரியாக்கள் உணவு தயாரிக்கின்றன, அந்த பாக்டீரியாக்களை நம்பிச் சிப்பியும் புழுவும் நண்டும் நத்தையும் கூட்டம் கூட்டமாக வாழ்கின்றன. கசிவு இருக்கிற இடத்தில் மட்டும் தரை தெரியாத அளவுக்கு நெருக்கம், கொஞ்ச தூரம் தள்ளிப் போனால் மறுபடியும் வெறும் சேறு.

இதெல்லாம் தெரியவந்து சுமார் அரை நூற்றாண்டுதான் ஆகிறது. 1977-ல் கலாபகோஸ் தீவுகளுக்குப் பக்கத்தில் சுமார் 2,500 மீட்டர் ஆழத்தில் வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி உயிர்க்கூட்டம் இருப்பதை 'ஆல்வின்' என்ற ஆழ்கடல் வாகனத்தில் இறங்கிய விஞ்ஞானிகள் முதலில் பார்த்தார்கள். எரிமலைச் சூடு இருக்கிற இடத்தில் மட்டும்தான் இப்படி நடக்கும் என்று அப்போது நினைத்தார்கள். 1984-ல் சார்லஸ் பால் குழுவினர் மெக்சிகோ வளைகுடாவில், ஃபுளோரிடாவை ஒட்டிய செங்குத்துச் சரிவின் அடிவாரத்தில், சுமார் 3,200 மீட்டர் ஆழத்தில் சூடே இல்லாத ஒரு கசிவைச் சுற்றி அதே மாதிரி ஒரு கூட்டத்தைக் கண்டார்கள். அதற்குப் பிறகு தேடத் தேட எல்லாக் கண்டங்களின் ஓரங்களிலும் கிடைத்துக்கொண்டே இருக்கிறது.

உங்கள் ஊர் சுறாத் தொழிலுக்குப் பேர் போனது என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். முட்டையிடும் ஆழ்கடல் சுறாக்களும் திருக்கைகளும் தங்கள் முட்டைக்கூடுகளைக் கசிவுப் பகுதியில் கொண்டுபோய் விடுவதைச் சிலி நாட்டுக் கடலிலும் மத்தியதரைக் கடலிலும் பார்த்திருக்கிறார்கள். அங்கே இருக்கிற புழுக்குழாய்களும் பாறைகளும் முட்டைக்கூடு சிக்கி நிற்க வசதியாக இருக்கின்றன. கசிவில் நேரடியாக வாழாத மீனுக்கும் அந்த இடம் வேண்டியிருக்கிறது.

வாயும் வயிறும் இல்லாத புழு இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் வகுப்பில் யாரும் நம்பவில்லை. அது எப்படிச் சாப்பிடும்?
விலங்கியல் மாணவி, நாகர்கோவில்

நம்பலாம் தங்கச்சி. குழாய்ப்புழு என்று சொல்வார்கள், லாமெல்லிபிராக்கியா, எஸ்கார்பியா என்று பல பேரினங்கள் உண்டு. வளர்ந்த புழுவுக்கு வாய் கிடையாது, குடல் கிடையாது, கழிவு வெளியேறும் வழியும் கிடையாது. உடம்புக்குள் ஒரு தனி உறுப்பு முழுக்க பாக்டீரியாக்கள். பயறுச் செடி தன் வேர் முடிச்சில் பாக்டீரியாவுக்கு இடம் கொடுத்துத் தழைச்சத்து வாங்கிக்கொள்கிறதே, அந்த ஏற்பாட்டை இன்னும் கடைசி எல்லை வரைக்கும் கொண்டுபோனால் இந்தப் புழு. பாக்டீரியாவுக்கு வேண்டிய ஆக்சிஜனையும் ஹைட்ரஜன் சல்ஃபைடையும் புழு கொண்டுவந்து கொடுக்கிறது, பாக்டீரியா உணவு தயாரித்துப் புழுவுக்குக் கொடுக்கிறது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஹைட்ரஜன் சல்ஃபைடு நமக்கெல்லாம் கொடிய விஷம், செல்லின் மூச்சையே நிறுத்திவிடும். இந்தப் புழுவின் ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபின் ஆக்சிஜனை ஒரு இடத்திலும் சல்ஃபைடை இன்னொரு இடத்திலும் பிடித்துவைத்துக்கொள்கிறது, இரண்டும் ஒன்றோடொன்று மோதாமல் பத்திரமாக பாக்டீரியாவிடம் போய்ச் சேருகின்றன. வெந்நீர் ஊற்றுப் புழுக்கள் தலையில் இருக்கும் சிவப்புக் கொண்டை வழியாகவே எல்லாவற்றையும் உறிஞ்சும். லாமெல்லிபிராக்கியா அப்படியில்லை, உடம்பின் பின்பகுதியை வேர்போலச் சேற்றுக்குள் நீளமாக இறக்கிக் கீழேயிருந்து சல்ஃபைடை எடுத்துக்கொள்கிறது. வேலை முடிந்து மிஞ்சுகிற சல்ஃபேட்டைத் திரும்ப அதே சேற்றுக்குள் விடுவதாகவும் ஆய்வுகள் காட்டுகின்றன. அந்த சல்ஃபேட்டை வைத்துச் சேற்றில் இருக்கிற நுண்ணுயிர்கள் மறுபடியும் சல்ஃபைடு உண்டாக்குகின்றன, அதாவது தன் சாப்பாட்டுக்கு வேண்டிய விதையைத் தானே போட்டுக்கொள்கிறது.

வயதைக் கேட்டால் இன்னும் ஆச்சரியப்படுவீர்கள். மெக்சிகோ வளைகுடாவில் புழுக்குழாய்களுக்கு நீலச் சாயம் ஏற்றிவிட்டு, பிறகு திரும்பப் போய்ச் சாயத்துக்கு மேலே எவ்வளவு புதிதாக வளர்ந்திருக்கிறது என்று அளந்தார்கள். லாமெல்லிபிராக்கியா லுய்மெசி இரண்டு மீட்டர் நீளத்தை எட்ட 170 முதல் 250 ஆண்டுகள் ஆகும் என்று 2000-ல் கணக்கிட்டார்கள். இன்னும் ஆழத்தில் வாழும் எஸ்கார்பியா லாமினாட்டா 300 ஆண்டுகளுக்கும் மேல் வாழும் என்று 2017-ல் வந்தது. 1741-ல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தபோது ஏற்கெனவே உயிரோடு இருந்த புழு இன்றைக்கும் அதே இடத்தில் உயிரோடு இருக்க வாய்ப்பு உண்டு. வகுப்பில் இதைச் சொல்லிப் பாருங்கள்.

நம்ம ஊர் சிப்பிக்கும் அங்கே இருக்கிற சிப்பிக்கும் சம்பந்தம் உண்டா?
கடியபட்டணம் வாசகர்

உண்டு. நீங்கள் பாறையில் முங்கி எடுக்கிற சிப்பியும் கசிவுகளில் வாழும் பாத்திமோடியோலஸ் வகைச் சிப்பிகளும் ஒரே குடும்பம், மைட்டிலிடே. நம் சிப்பி தண்ணீரை வடிகட்டித் தின்னும். அங்கே இருப்பது செவுளுக்குள்ளேயே பாக்டீரியாவை வைத்திருக்கிறது, சில இனங்களின் பாக்டீரியா மீத்தேனையே நேராகத் தின்றுவிடும். இந்த வகைச் சிப்பிகளுக்கு வடிகட்டும் பழக்கமும் முழுசாக விட்டுப்போகவில்லை. கோஸ்டாரிகா கடலில் ஒரு நண்டு தன் கொடுக்குகளில் வளரும் பாக்டீரியாவுக்கு வாயு கலந்த தண்ணீர் நன்றாகக் கிடைக்கவேண்டும் என்று கைகளை இடைவிடாமல் ஆட்டிக்கொண்டே இருக்கும், அப்புறம் அதையே வழித்துத் தின்னும். கீவா புராவிடா என்று 2011-ல் பெயர் வைத்தார்கள்.

மீத்தேன் பூமியைச் சூடாக்கும் வாயு என்று படித்தேன். கடலுக்கடியில் இவ்வளவு கசிந்தால் எல்லாம் காற்றில் கலந்துவிடாதா?
ஓய்வுபெற்ற ஆசிரியர், குளச்சல்

ஐயா, அதைத் தடுத்து நிறுத்துகிறவர்கள் கண்ணுக்குத் தெரியாதவர்கள். சேற்றுக்குள் ஆர்க்கியா என்ற ஒருவகை நுண்ணுயிர் மீத்தேனை உடைக்கிறது. அதைத் தனியாகச் செய்ய அதனால் முடியாது. பக்கத்தில் சல்ஃபேட்டைப் பயன்படுத்தும் பாக்டீரியா ஒட்டிக்கொண்டு இருந்தால்தான் வேலை நடக்கும். 2000-ல் ஆன்ட்ஜே போஎட்டியஸ் குழுவினர் அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்துக்கு அப்பால் ஹைட்ரேட் ரிட்ஜ் என்ற இடத்துச் சேற்றை நுண்ணோக்கியில் பார்த்து இந்தக் கூட்டணியைப் படம் பிடித்தார்கள். நடுவில் சுமார் 100 ஆர்க்கியா செல்கள், அதைச் சுற்றி ஓடுபோல பாக்டீரியா. காற்றே இல்லாத சேற்றில், மீத்தேனும் கடல்தண்ணீரின் சல்ஃபேட்டும் சந்திக்கிற ஒரு மெல்லிய அடுக்கில், இவை இரண்டும் சேர்ந்து மீத்தேனை பைகார்பனேட்டாகவும் சல்ஃபேட்டை சல்ஃபைடாகவும் மாற்றிவிடுகின்றன. புழுவும் சிப்பியும் உண்ணும் சல்ஃபைடில் பெரும்பங்கு இங்கிருந்துதான் வருகிறது. மணக்குடிக் காயல் ஓரத்தில் கறுத்த சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை வாடை அடிக்குமே, அதுவும் இதே சல்ஃபைடுதான், அங்கே சல்ஃபேட் பாக்டீரியாக்கள் இலைதழை மக்கலை வைத்து அதை உண்டாக்குகின்றன.

பைகார்பனேட் என்ன ஆகிறது என்று கேட்டால், அது கடல்தண்ணீரின் கால்சியத்தோடு சேர்ந்து சுண்ணாம்புப் பாறையாகப் படிகிறது. சேறு மட்டுமே இருந்த தரையில் கெட்டியான பாறை வருகிறது. கசிவு நின்றுபோன பிறகும் அந்தப் பாறை இருக்கும், ஆழ்கடல் பவளங்கள் அதில் ஒட்டி வளரும்.

சேற்றில் தப்பி மேலே வரும் குமிழிகளும் ஆழமான இடமானால் ஏறுகிற வழியிலேயே கடல்தண்ணீரில் கரைந்துவிடுகின்றன, அதையும் வேறு பாக்டீரியாக்கள் ஆக்சிஜனோடு சேர்த்துத் தின்கின்றன. ஆக, ஆயிரம் மீட்டர் ஆழத்துக் கசிவிலிருந்து காற்றுக்குப் போய்ச் சேரும் மீத்தேன் மிகக் குறைவு. ஆழம் குறைந்த இடங்களில் கதை வேறு, அங்கே கரைவதற்குள் குமிழி மேலே வந்து வெடித்துவிடும். நுண்ணுயிர்க் கூட்டணி மிக மெதுவாகத்தான் பெருகும், இரண்டு மடங்காகவே மாதக்கணக்கு ஆகும். வாயு திடீரென்று வேகமாக வந்தால் அதற்கு ஈடுகொடுக்க முடியாது.

ஐஸ்கட்டி தீப்பிடித்து எரிவதை மொபைலில் ஒரு வீடியோவில் பார்த்தேன். இது உண்மையா, ஏமாற்றா?
மார்த்தாண்டம் வாசகர்

உண்மைதான். அது மீத்தேன் ஹைட்ரேட். குளிரும் அழுத்தமும் சேர்ந்த இடத்தில் தண்ணீர் மூலக்கூறுகள் கூண்டுபோல உறைந்து உள்ளே மீத்தேனை அடைத்துவைத்துக்கொள்கின்றன. ஒரு கன மீட்டர் ஹைட்ரேட்டை உருக்கினால் சுமார் 164 கன மீட்டர் வாயு வரும். பல நூறு மீட்டர் ஆழத்துக்குக் கீழேதான் இது நிலைத்திருக்கும், மேலே கொண்டுவந்தால் நுரைத்துக் கரைந்துபோகும். 2000-ம் ஆண்டு கனடாவின் வான்கூவர் தீவுக்கு அப்பால் ஒரு இழுவைப் படகின் வலையில் ஒரு டன்னுக்கும் மேல் இந்த ஐஸ் சிக்கி மேலே வந்தது. படகுக்காரர்கள் அதைத் திரும்பக் கடலில் தள்ளினார்கள். அந்த இடத்துக்கு விஞ்ஞானிகள் பிறகு போய் ஆய்வு செய்தார்கள். 1997-ல் மெக்சிகோ வளைகுடாவில் இந்த ஐஸையே குடைந்து அதில் குடியிருக்கும் இளஞ்சிவப்புப் புழுக்களையும் கண்டுபிடித்தார்கள்.

இதெல்லாம் அமெரிக்கா, சிலி என்று எங்கேயோ இருக்கிறது. நம்ம கடலில் இருக்கிறதா? வாட்ஜ் பேங்கில் மீன் அதிகம் கிடைப்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?
விசைப்படகு உரிமையாளர், முட்டம்

இந்தியக் கடலில் இருக்கிறது. கோவாவில் உள்ள தேசிய கடலியல் நிறுவனத்தார் 'சிந்து சாதனா' ஆய்வுக் கப்பலில் போய், ஆந்திரக் கரைக்கு அப்பால் கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் 900 முதல் 1,800 மீட்டர் ஆழத்தில் உயிருள்ள கசிவுகளைக் கண்டுபிடித்து 2019-ல் வெளியிட்டார்கள். தரைக்கு இரண்டு மூன்று மீட்டர் கீழேயே ஹைட்ரேட், மேலே குமிழித் தூண்கள், பாத்திமோடியோலஸ் சிப்பி, குழாய்ப்புழு, நத்தை எல்லாம் இருந்தன. நம் நாட்டுக் கடல் எல்லைக்குள் இப்படி ஒரு கூட்டம் பதிவானது அதுதான் முதல் தடவை. அதே படுகையில் 2006-ல் 'ஜோய்ட்ஸ் ரெசல்யூஷன்' கப்பல் துளையிட்டுப் பெரிய ஹைட்ரேட் படிவத்தைக் காட்டியிருந்தது. அதே பயணத்தில் மேற்குக் கரையில் கேரள-கொங்கண் படுகையிலும் ஒரு இடத்தில் துளையிட்டார்கள், அங்கே ஹைட்ரேட் கிடைக்கவில்லை. கிருஷ்ணாவும் கோதாவரியும் கொண்டுவந்து குவிக்கிற மாதிரியான தடித்த சேறு, அதில் புதைந்த மக்கு, வாயு ஏறி வர விரிசல், இவ்வளவும் ஒரு இடத்தில் அமையவேண்டும்.

வாட்ஜ் பேங்கைப் பொறுத்தவரை, அங்கே மீன் நிறைவாக இருப்பதைப் புரிந்துகொள்ள கசிவு தேவையில்லை. அது குமரிக்குத் தெற்கே கண்டத்திட்டின் மேல் இருக்கிற, 200 மீட்டருக்கும் ஆழம் குறைந்த மேடு. வெளிச்சம், பருவமழைக் காலத்து நீவாடு (நீரோட்டம்), கீழேயிருந்து மேலேறி வரும் சத்துள்ள தண்ணீர், மீன் அண்டுகிற பார்கள் (கடலடிப் பாறைத்திட்டுகள்), இதெல்லாம் சேர்ந்துதான் அந்த வளம். 1976-ல் இலங்கையோடு போட்ட ஒப்பந்தத்தின்படி அதன்மேல் இந்தியாவுக்கு உரிமை வந்தது, அது உங்களுக்கே தெரியும். கசிவைத் தேடுவதானால் மேட்டைத் தாண்டித் தரை சரிந்து இறங்குகிற ஆழத்தில் தேடவேண்டும்.

இங்கே உங்களைப் போன்றவர்களால் செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது, இதை ரொம்ப முக்கியமாகச் சொல்கிறேன். ஒலி அனுப்பி ஆழம் பார்க்கும் எக்கோ சவுண்டரில் வாயுக் குமிழி நன்றாகத் தெரியும், ஏனென்றால் குமிழி ஒலியைப் பலமாகத் திருப்பி அனுப்பும். மீன் கூட்டம் நகரும், கலையும். தரையிலிருந்து ஒரு தூண் எழுந்து, ஒவ்வொரு தடவை போகும்போதும் அதே இடத்தில் தெரிந்தால் அது கசிவாக இருக்க வாய்ப்பு உண்டு. ஆழத்திலிருந்து வந்த கயிற்றிலோ வலையிலோ அழுகிய முட்டை வாடையுள்ள சேறு, துளைத்துளையான சுண்ணாம்புக் கல், உங்களுக்குப் பழக்கமில்லாத பெரிய வெள்ளைச் சிப்பி ஓடு, தடித்த புழுக்குழாய் வந்தால் தூக்கி எறியாதீர்கள். ஜிபிஎஸ் எண்ணையும் ஆழத்தையும் குறித்து, ஒரு போட்டோ எடுத்து, விழிஞ்ஞத்தில் இருக்கிற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையத்தில் காட்டுங்கள். கரையில் மலையையும் கோயில் கோபுரத்தையும் வைத்துக் கணியம் பார்த்து நடுக்கடலில் பாரைக் கண்டுபிடித்த பெரியவர்களின் ஊர் இது. ஆய்வுக்கப்பல் எப்போதோ ஒருமுறை வரும், நீங்கள் வருஷம் முழுக்க அங்கேயே இருக்கிறீர்கள்.

கடலுக்கடியில் நல்ல தண்ணீர் ஊற்று உண்டு என்று என் பாட்டி சொல்வார். அதுவும் இதுவும் ஒன்றா?
மாணவர், ஆரோக்கியபுரம்

இல்லை தம்பி. கரையோரத்து நிலத்தடி நீர் மணல், பாறை இடுக்கு வழியாகக் கடலுக்குள் வெளிவருவது அது, பெரும்பாலும் கரைக்குப் பக்கத்திலேயே. பாட்டி சொன்னது நிஜம். ஆனால் மீத்தேன் கசிவு முற்றிலும் வேறு.

குமரிக்குத் தெற்கே ஆழ்கடலில் எண்ணெய், எரிவாயு தேடப் போகிறார்கள் என்று எங்கள் ஊரில் எல்லோரும் பயந்துபோய் இருக்கிறோம். நீங்கள் சொல்லும் கசிவு உயிர்களுக்கு அதனால் என்ன ஆகும்?
மீன் விற்கும் பெண், இனயம்

அக்கா, உங்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. வாயு கசிகிற இடத்துக்குக் கீழே வாயு இருக்கிறது என்பதால் எண்ணெய்க் கம்பெனிகளும் இந்த உயிர்களும் ஒரே இடத்தைத் தேடி வருகின்றன. மெக்சிகோ வளைகுடாவின் கசிவுகளைப் பற்றி உலகத்துக்கு இவ்வளவு தெரிந்திருப்பதற்கே எண்ணெய் தேடியதுதான் ஒரு காரணம். துளையிடும்போது வெளிவரும் சேறும் கல்தூளும் மேலே படிந்தால் சிப்பியும் புழுவும் மூடிப்போகும், நங்கூரமும் குழாயும் இழுபட்டால் உடையும். 300 வருஷம் வாழ்கிற ஒரு புழுக்கூட்டம் உடைந்தால் நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் அது பழையபடி ஆகாது. இழுவை வலையும் இதே சேதத்தைச் செய்யும், நியூசிலாந்துக் கடலில் கசிவுப் பாறைகளின்மேல் வலை இழுபட்ட தடங்களையே படம் பிடித்திருக்கிறார்கள்.

2010-ல் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற துளையிடும் மேடையில் விபத்து நடந்து கிணற்றிலிருந்து எண்ணெய் கடலில் கொட்டியது. அந்தக் கிணற்றிலிருந்து 11 கிலோமீட்டர் தள்ளி, சுமார் 1,370 மீட்டர் ஆழத்தில், பழுப்புச் சேறு மூடிச் செத்துக்கொண்டிருந்த பவளங்களைச் சில மாதங்களிலேயே கண்டார்கள். இயற்கையான கசிவு சொட்டுச் சொட்டாகக் காலங்காலமாக வருவது, உயிர்கள் அதற்குப் பழகியிருக்கின்றன. "கடலில் ஏற்கெனவே எண்ணெயும் வாயுவும் கசிகிறதே, இன்னும் கொஞ்சம் கசிந்தால் என்ன" என்று யாராவது கூட்டத்தில் பேசினால், அளவும் வேகமும்தான் வித்தியாசம் என்று எழுந்து சொல்லுங்கள்.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். தரையில் என்ன இருக்கிறது என்று பார்க்காத இடத்தில் துளையிடக் கூடாது. அமெரிக்காவில் மெக்சிகோ வளைகுடாவில் 300 மீட்டருக்கு மேல் ஆழமான இடங்களில் துளையிடுவதற்கு முன்னால் கசிவு உயிர்க்கூட்டம் இருக்கிறதா என்று பார்த்து, அதிலிருந்து விலகி நிற்கவேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள், துளையிடும் கழிவைக் கொட்டும் இடத்துக்கு அந்த விலகல் சுமார் 600 மீட்டர். நாமும் குறைந்தபட்சம் இவ்வளவாவது கேட்கவேண்டும்: தரையின் ஒலி வரைபடம், கேமரா இறக்கி எடுத்த வீடியோ, சேற்று மாதிரி, இந்த மூன்றும் சுற்றுச்சூழல் அறிக்கையில் இருக்கவேண்டும். அந்த அறிக்கை தமிழில் வரவேண்டும், நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை ஒவ்வொரு கடற்கரை ஊரிலும் வாசிக்கக் கிடைக்கவேண்டும். கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தால் மீன் விற்கும் பெண்களும் போய் உட்காரவேண்டும், ஆண்களில் பாதிப்பேர் அப்போது கடலில்தான் இருப்பார்கள்.

இதைப் படிக்க எங்கே போகவேண்டும்? நம் நாட்டில் இவ்வளவு ஆழத்துக்கு இறங்க முடியுமா?
பிளஸ் டூ மாணவர், சின்னத்துறை

விலங்கியல், நுண்ணுயிரியல், வேதியியல், நிலவியல் எதில் பட்டம் எடுத்தாலும் வழி உண்டு, கசிவை ஆராய எல்லாமே வேண்டும். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம், தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி, கொச்சிப் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் துறைகள், இவை மூன்றிலும் படிக்கலாம். அப்புறம் ஆராய்ச்சிக்கு கோவாவின் தேசிய கடலியல் நிறுவனம். இறங்குவதற்கு, சென்னையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் மூன்று பேர் உட்கார்ந்து 6,000 மீட்டர் வரை போகக்கூடிய 'மத்ஸ்யா 6000' வாகனத்தை உருவாக்கி வருகிறது, ஆட்கள் உட்காரும் உருண்டை டைட்டானியத்தால் ஆனது. ஆள் இல்லாமல் கம்பியில் இயங்கும் 'ரோசப் 6000' அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. கடலில் வளர்ந்த பிள்ளைகள் இந்த வேலைக்கு இன்னும் அதிகமாக வரவேண்டும் என்பது என் ஆசை. விண்ணப்பத் தேதிகளை மட்டும் அந்தந்தக் கல்லூரியின் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள், வருஷத்துக்கு வருஷம் மாறும்.